மலைக்குத் திரும்பும் வழி



காயம்பட்ட காலோடு மலைப்பாதை ஓட்டத்துக்குத் திரும்புவது எப்படி என்பதைப் பற்றி உங்களிடையே சிறிது நேரம் பேச வேண்டும் என்று இம்மன்றத்தார் என்னைப் பணித்திருக்கிறார்கள். மலை ஏறுவதைப் பற்றிப் பேசியவர் பலர். மலையில் ஓடுவதைப் பற்றிப் பேசுகிறவர்களும் இப்பொழுது பெருகிவிட்டார்கள். ஆனால், ஓடி, விழுந்து, எலும்பு முறிந்தோ சவ்வு கிழிந்தோ பல மாதம் கட்டிலில் கிடந்து, பிறகு ஒரு நாள் அதே பாதையில் அஞ்சி அஞ்சி அடியெடுத்து வைக்கிறானே, அந்த மனிதனுடைய இடைக்காலத்தைப் பற்றிப் பேசுவோர் அரியர். வெற்றியைப் பாட ஆள் உண்டு. விபத்தைக் கேட்டு அனுதாபப்படவும் ஆள் உண்டு. இவ்விரண்டுக்கும் நடுவிலே கிடக்கின்ற நீண்ட, சலிப்பு மிகுந்த, புகழற்ற மாதங்களுக்காகப் பரிந்து பேசத்தான் ஆள் இல்லை. அந்த மாதங்களின் சார்பிலே நான் இங்கு வந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் சபையைக் கடைசிவரை காக்க வைத்து விஷயத்தை வெளியிடும் சாமர்த்தியம் என்னிடம் இல்லை. காயத்திலிருந்து மீள்கிறவன் ஏற்றத்தின் வழியாக மலைக்குத் திரும்ப வேண்டும். இறக்கத்தை எல்லாவற்றுக்கும் கடைசியில் கேட்டுப் பெற வேண்டும். முதலில் ஏறு, பிறகு இறங்கு என்பது யாருக்குத்தான் தெரியாது என்று உங்களிற் சிலர் நகைக்கலாம். நகையுங்கள், ஆனால் கட்டுப் பிரித்த மறுவாரமே மலைச்சரிவில் தடதடவென்று இறங்கி ஓடி மறுபடியும் மருத்துவமனையின் வாயிலில் வந்து நிற்கிறவர்களை நீங்கள் பார்த்ததில்லையா?

தெருவில் ஓடுவதற்கும் மலைப்பாதையில் ஓடுவதற்கும் என்ன பேதம்? சமதரையில் ஓடுகிறவனுடைய அடிகள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. அவன் மனம் எங்கோ உலாவிக்கொண்டிருக்க, கால்கள் தம் தொழிலைத் தாமே செய்துகொண்டு போகும். மலைப்பாதையிலோ ஓர் அடி பாறையின் மேல், அடுத்த அடி வேரின் மேல், அதற்கடுத்த அடி சேற்றில். ஒவ்வோர் அடியும் ஒரு புதுக்கணக்கு. ஏறும்போது அலறுவது நெஞ்சு. இறங்கும்போது அலறுவது கால். நெஞ்சு அலறினால் மனிதன் தானாகவே நின்றுவிடுகிறான். கால் அலறினால் நிற்கிறானா? நிற்பதில்லை, சரிவு அவனை இழுத்துக்கொண்டு போகிறது, வேகம் அவனுக்கு இன்பமாயிருக்கிறது, வலி மறுநாள் காலையிலேதான் வந்து கதவைத் தட்டுகிறது.

2005ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காட்ஷால், கிராம் என்னும் இரு ஆராய்ச்சியாளர், சாய்த்து வைத்த ஓடுபொறியின் மேல் சிலரை ஓடவிட்டு, பாதம் தரையோடு மோதும் விசையை அளந்து பார்த்தார்கள். 9 பாகைச் சரிவில் இறங்கி ஓடியபோது அந்த மோதல் சமதரையில் இருந்ததைக் காட்டிலும் 54 சதவீதம் மிகுந்தது. உடம்பு முன்னே பாய்வதைத் தடுத்துப் பிடிக்கும் விசையோ 73 சதவீதம் மிகுந்தது. அதே 9 பாகையில் ஏறி ஓடியபோது என்ன நிகழ்ந்தது? மோதல் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒரே பாதை, ஒரே மனிதன், ஒரே கால். முகம் எந்தத் திசையை நோக்குகிறது என்பது ஒன்றே வேறு. முறிந்து கூடிய எலும்புக்கும், உள்ளே குருத்தெலும்பு தேய்ந்த முழங்காலுக்கும் மலை எந்தப் பக்கத்தில் தாயாகவும் எந்தப் பக்கத்தில் மாற்றாந்தாயாகவும் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

மோதல் மட்டுமா? தசைக்கும் இறக்கம் வேறு வகையான வேலை கொடுக்கிறது. ஏறும்போது தொடையின் முன்புறத்துச் சதை சுருங்கி உடம்பை மேலே தள்ளுகிறது. அது சதைக்குப் பழகிய தொழில். இறங்கும்போதோ அதே சதை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டும். சரிவிலே பார வண்டியில் பூட்டிய மாடு, இழுப்பதை விட்டுவிட்டு, தன் கழுத்தால் வண்டியைத் தடுத்துத் தடுத்து இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். இழுத்த மாட்டைவிடத் தடுத்த மாடே அன்று இரவு அதிகம் சோர்ந்து படுக்கும். பல மாதம் படுத்துக் கிடந்து சதை வற்றிய காலுக்கு இந்தத் தடுக்கும் வேலையை முதல் நாளிலேயே கொடுப்பது நியாயமா?

இனி, ஒரு மனிதரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். இங்கிலாந்தின் வடமேற்கிலே ஏரி மாவட்டம் என்று ஒரு பிரதேசம் உண்டு. அங்குள்ள மலைகள் உயரத்தால் பெரியவை அல்ல. எல்லாவற்றிலும் உயர்ந்த ஸ்காஃபெல் பைக்கே 978 மீட்டர்தான். ஆனால் மழையும் மூடுபனியும் கருங்கற் குவியலும் சேற்றுப் புல்வெளியுமாக, ஓடுகிறவனுடைய கணுக்காலைச் சோதிப்பதற்கென்றே அமைந்தவை போலத் தோன்றும். அம்மலைகளில் ஓடுவது அந்த ஊர் ஆயர்களின் பழைய விளையாட்டு. அங்கே வாஸ்டேல் என்னும் பள்ளத்தாக்கில், 1936ஆம் ஆண்டில், ஓர் ஆட்டுப்பண்ணையில் பிறந்தவர் ஜாஸ் நேய்லர்.

அவருடைய சரீர நிலைமையைக் கேளுங்கள். சிறுவயதிலேயே முதுகில் அடிபட்டவர். இளமையிலேயே அறுவை சிகிச்சை செய்து ஒரு முழங்காலின் குருத்தெலும்பை எடுத்துவிட்டார்கள்; பின்னர் முதுகெலும்பின் நடுவேயுள்ள வட்டுகளில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். இப்படிப்பட்ட தேகத்தை உடைய ஒரு பிள்ளை நம் வீட்டில் இருந்தால் நாம் என்ன சொல்லுவோம்? ‘பேசாமல் ஒரு மூலையில் உட்கார், படியேறாதே, பாரம் தூக்காதே’ என்று சொல்லுவோம், அன்பினாலேதான் சொல்லுவோம். ஆனால் ஆட்டுப்பண்ணையில் உட்கார ஒரு மூலையே கிடையாது. ஆடுகள் மலைமேல் மேய்ந்துகொண்டிருக்கின்றன, ஒருவன் ஏறித்தான் ஆக வேண்டும், ஏறினார். நாள்தோறும் ஏறினார். அவற்றைத் திரட்டிக்கொண்டு ஆட்டின் நடைக்கேற்றபடி நிதானமாக இறங்கினார்.

1960ஆம் ஆண்டில் ஏரி மாவட்ட மலையோட்டப் போட்டி அவருடைய பள்ளத்தாக்கிலிருந்தே தொடங்கியபோது, வேலை செய்யும் பூட்சும் முழங்காலளவு வெட்டிய கால்சட்டையுமாகப் போய் அதிலே கலந்துகொண்டார். நெடுந்தூரம் முன்னணியில் ஓடி, பின்பு தசைப்பிடிப்பால் வருந்தினார். அப்பொழுது அவருக்கு வயது 24. அதற்குப் பின்னர் நடந்தவையெல்லாம் அந்த மலைநாட்டின் சரித்திரத்தில் ஏறிவிட்டன. 1975ஆம் ஆண்டில் 24 மணி நேரத்துக்குள் 72 சிகரங்களை ஏறி இறங்கினார். தம் 50ஆம் வயதில், 1986ஆம் ஆண்டில், வெயின்ரைட் என்னும் ஆசிரியர் தம் வழிகாட்டி நூல்களிலே வருணித்த 214 மலைகளையும் 7 நாளும் சில மணியுமாகத் தொடர்ந்து ஓடி முடித்தார். 60ஆம் வயதில் 60 மலை. 70ஆம் வயதில் 70 மலை. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தம் 88ஆம் வயதில், காலமானார்.

இதிலே அதிசயம் எது? அவருடைய நெஞ்சுரம் என்று பத்திரிகைகள் எழுதின. ‘இரும்பு ஜாஸ்’ என்று பட்டமும் சூட்டினார்கள். நெஞ்சுரம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் என் அபிப்பிராயம் வேறு. பண்ணை வேலையானது அவருக்கு வேறு எந்த வைத்தியரும் அக்காலத்தில் எழுதிக் கொடுத்திருக்க முடியாத ஒரு மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்தது: நாள்தோறும் ஏற்றம், நாள்தோறும் அளவான பாரம், அவசரமில்லாத இறக்கம், விடுமுறையில்லாத அப்பியாசம். ஆயன் ஒருவன் ஆட்டைத் துரத்திக்கொண்டு தலைதெறிக்க இறங்கமாட்டான், ஆடு சிதறிவிடும். ஆகவே அவருடைய முழங்காலை ஆடுகளே காத்தன என்று சொன்னாலும் பிழையாகாது!

இன்னொன்றும் கவனியுங்கள். 1990ஆம் ஆண்டளவில், 50 வயதைக் கடந்தோர்க்கென்றே அவர் பெயரால் ஓர் ஓட்டம் ஏற்பட்டது. 48 மைல், 30 சிகரம். அதிலே 50 வயதினர்க்கு 12 மணி நேரம் அவகாசம். 65 வயதைக் கடந்தோர்க்கு 24 மணி நேரம். வயது ஏற ஏற அவகாசம் ஏறுகிறது; மலை குறைவதில்லை. தேகத்தை அறிந்த ஒருவருடைய பெயரைத் தாங்கத் தகுதியுள்ள விதி இது. காயம்பட்டவர்களுக்கும் இப்படி ஒரு விதியை நாமே நமக்குச் செய்துகொள்ளக் கூடாதா? அதே மலை, அதே பாதை, அவகாசம் மட்டும் இரண்டு மடங்கு!

‘அப்படியானால் ஓய்வே வேண்டாமா?’ என்று யாரோ பின்வரிசையில் கேட்பது போல் இருக்கிறது. நல்ல கேள்வி. ஓய்வு வேண்டும், ஆனால் ஓய்வு மட்டும் போதாது. 1978ஆம் ஆண்டில் கேப் மெர்க்கின் என்னும் அமெரிக்க வைத்தியர், சுளுக்குக்கு ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கிக் கட்டுதல், காலை உயர்த்தி வைத்தல் என்னும் நான்கையும் சேர்த்து ஒரு சூத்திரம் சொன்னார். உலகமெங்கும் அது வேதவாக்காகப் பரவியது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அவரே, பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதித் தம் சூத்திரத்தைத் தாமே திருத்திக்கொண்டார். பிரசித்தி பெற்ற ஒரு வாக்கைச் சொன்னவரே திரும்பப் பெறுவது எளிய காரியமா? அந்த நேர்மைக்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

எலும்பின் கதையும் இதுவே. ஜூலியஸ் வோல்ஃப் என்னும் ஜெர்மானிய அறுவை வைத்தியர், எலும்பானது தன்மேல் விழும் பாரத்துக்கேற்பத் தன் உள்ளமைப்பையே மாற்றிக்கொள்கிறது என்னும் உண்மையை 1892ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பாரம் விழும் இடத்தில் எலும்பு தடிக்கிறது. பாரமே இல்லாவிட்டால் மெலிகிறது. ஆகவே மாவுக்கட்டோ, புத்தூர்க் கட்டோ, எந்தக் கட்டாயிருந்தாலும் அது எலும்பைச் சேர்த்து வைக்குமேயன்றி மலைக்கு உரிய எலும்பாக ஆக்காது. அப்படி ஆக்குவது, கட்டுப் பிரித்த பிறகு படிப்படியாக ஏறும் பாரமே. ஆனால் ‘படிப்படியாக’ என்னும் சொல்லை மறந்தால் என்ன ஆகும்? பிரஷிய ராணுவத்திலே வைத்தியராயிருந்த பிரைட்ஹாப்ட் என்பவர், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதங்கள் அடிபடாமலே வீங்கி நோவதைக் கண்டு 1855ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். எக்ஸ்-கதிர் கண்டுபிடித்த பிறகுதான், அது பாதத்து எலும்பிலே விழுந்த மெல்லிய விரிசல் என்று தெரிந்தது. அடி விழவில்லை; பள்ளத்தில் சறுக்கவில்லை; பாரம் மட்டும் எலும்பின் பொறுமையைக் காட்டிலும் விரைவாக ஏறியது. பாரம் எலும்பை வளர்க்கவும் செய்கிறது, உடைக்கவும் செய்கிறது. எவ்வளவு, எவ்வளவு சீக்கிரம் என்பதிலேதான் வைத்தியமும் விபத்தும் பிரிகின்றன.

இங்கே ஒரு ரசமான கதையைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. ஸ்வீடன் தேசத்தின் வடக்கே உமேயோ என்னும் நகரிலே ஹோக்கன் ஆல்ஃபிரட்சன் என்று ஓர் எலும்பு வைத்தியர். அவருக்கே, கெண்டைச் சதையையும் குதிகாலையும் இணைக்கின்ற தடித்த நாணிலே, அக்கிலிஸ் நாண் என்கிறோமே அதிலே, தீராத நோவு. அறுவை சிகிச்சை செய்துவிடுங்கள் என்று மேலதிகாரியைக் கேட்டார். அவரோ, நீர் விடுப்பில் போனால் வேலையை யார் பார்ப்பது என்று மறுத்துவிட்டார். நாணே அறுந்து போனால் அப்பொழுது அறுவை செய்துதானே ஆக வேண்டும் என்று கருதிய நம் வைத்தியர், அதை அறுப்பதற்கென்றே, படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக்கொண்டு, வலி பொறுக்காத அளவுக்குக் குதிகாலைக் கீழே இறக்கி இறக்கிப் பயிற்சி செய்தார். நாண் அறுந்ததா? அறவில்லை. நோவுதான் அறுந்து போயிற்று! இதிலே ஏதோ இருக்கிறது என்று உணர்ந்தவர், ஓட்டக்காரர் 15 பேருக்கு அதே பயிற்சியை, நாளொன்றுக்கு 180 முறை வீதம் 12 வாரம் கொடுத்துப் பார்த்து, 1998ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். பதினைந்து பேரும் மறுபடி ஓடினார்கள். பிற்காலத்து ஆராய்ச்சிகளில் எல்லாருக்கும் அவ்வளவு பூரண பலன் கிட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும், நோகும் நாணுக்குப் பாரமே மருந்து என்னும் எண்ணம் அன்றிலிருந்து வேரூன்றிவிட்டது.

இந்தக் கதையை ரசத்துக்காக மட்டும் சொல்லவில்லை. என் கட்சிக்கு ஒரு விலக்கும் இதிலே இருக்கிறது, அதை மறைப்பது தர்மமாகாது. ஏற்றத்தின் வழியாகத் திரும்புங்கள் என்றேன் அல்லவா? அக்கிலிஸ் நாணிலோ கெண்டைச் சதையிலோ காயம்பட்டவர்களுக்கு அந்த வாக்கு பொருந்தாது. செங்குத்தான ஏற்றத்தில் குதிகால் தாழ்ந்து, முன்பாதமே பாரம் முழுவதையும் தாங்குவதால், அந்த நாண் வில்லின் நாண்போல் இழுபட்டு நிற்கும். ஆகவே அவர்கள் முதலில் சமதரையில் நடக்கட்டும். பின்பு இளஞ்சரிவில் ஏறட்டும். செங்குத்து ஏற்றம் அவர்களுக்குக் கடைசிப் பாடம். முழங்கால்காரருக்குச் சொன்ன யோசனையைக் கெண்டைக்கால்காரர் காதில் வாங்கிக்கொண்டு போவதும், தோழனுக்கு வைத்தியர் எழுதிய பயிற்சியைத் தானும் செய்து பார்ப்பதும் ஓட்டக்காரரிடையே மலிந்து கிடக்கிற பழக்கம். நோய் வேறு, வழி வேறு என்பதை நினைவில் வையுங்கள்.

கணுக்காலுக்கு வருவோம். மலைப்பாதையில் ஓடுகிறவர்களுள் ஒருமுறையேனும் கால் பிசகாதவர் யார்? கல்லின் மேல் பாதம் உள்பக்கமாக மடங்குகிறது, வெளிப்பக்கத்துச் சவ்வு இழுபட்டோ கிழிந்தோ போகிறது, வீங்குகிறது, வீக்கம் வடிகிறது, வலியும் போகிறது. போன பிறகுதான் புதிர் தொடங்குகிறது. அதே கால் மறுபடி மறுபடி பிசகுகிறது. ஏன்? இலண்டனைச் சேர்ந்த ஃப்ரீமன் என்னும் வைத்தியரும் அவருடைய தோழரும் 1965ஆம் ஆண்டில் இதற்கு ஒரு விடை கூறினார்கள். சவ்வு என்பது இரண்டு எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும் கயிறு மட்டுமன்று. பாதம் இப்பொழுது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்னும் செய்தியை மூளைக்கு அனுப்புகிற நரம்பு நுனிகளும் அதனுள்ளே இருக்கின்றன. சவ்வு கிழியும்போது அந்த நரம்புகளும் கிழிகின்றன. கயிறு கூடிவிடுகிறது, செய்தி மட்டும் தாமதமாகப் போகிறது. இருட்டில் படியிறங்குகிறவன் போலத் தன் பாதம் எங்கேயிருக்கிறது என்று தனக்கே தெரியாமல் மனிதன் பாறைமேல் இறங்குகிறான்.

அதற்கு அவர்கள் கண்ட பரிகாரம் மிகவும் எளியது: ஆடுகின்ற பலகையின்மேல் நின்று சமநிலை பழகுதல். பலகை இல்லாதவர்கள் வீட்டுத் திண்ணையிலே வெறுங்காலோடு ஒற்றைக்காலில் நிற்கலாம். அது கைவந்த பின் கண்ணை மூடிக்கொண்டு நிற்கலாம். கண்ணை மூடினவுடன் எத்தனை பேர் தள்ளாடுகிறார்கள் என்பதை இன்று இரவே வீட்டில் சோதித்துப் பாருங்கள். பக்கத்தில் சுவர் இருக்கட்டும். செலவில்லாத வைத்தியத்தை யாரும் மதிப்பதில்லை என்பதால் இதைச் செய்வோர் குறைவு. முன்னூறு ரூபாய்க்கு விற்றால் ஒருவேளை செய்வார்கள்.

சரி, இறக்கத்தை என்றுதான் கேட்பது? ஏறும்போது வலி இல்லை. சமதரையில் ஓடும்போது வலி இல்லை. ஒற்றைக்காலில் நின்று முழங்காலை மடக்கி எழும்போது நடுக்கம் இல்லை. அப்பொழுது கேளுங்கள். அப்பொழுதும் மென்மையான சரிவாக, புல்லோ மண்ணோ படர்ந்த பாதையாகப் பார்த்து, அடிகளைக் குறுக்கி, அடிக்கடி வைத்து இறங்குங்கள். கைக்கு ஊன்றுகோல் இரண்டு இருந்தால் வெட்கப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் நான்கு அடிகள் உங்களுக்குத் தீர்ப்புச் சொல்லும். நோவு முந்தின நாளைக் காட்டிலும் மிகுந்திருந்தால் பாரம் மிகுந்துவிட்டது. மிகாதிருந்தால் அடுத்த வாரம் சிறிது கூட்டலாம். சரீரமும் நன்றியுள்ளது: மிதமாக ஒருமுறை இறங்கி ஓடிய சதை, அதன் பின்பு சில வாரங்களுக்கு அதே இறக்கத்தால் அவ்வளவாக நோவதில்லை என்பது சோதனைகளிலே திரும்பத் திரும்பக் கண்ட செய்தி. ஒரு சிறிய இறக்கம் அடுத்த இறக்கத்துக்குக் காப்பாகிறது. இதைக் காட்டிலும் நல்ல ஒப்பந்தம் வேறெங்கே கிடைக்கும்?

இப்பொழுது உங்களில் இளைஞர்கள் ஒரு பெயரைச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். கிலியன் ஜோர்னெட்! பைரனீஸ் மலையிலே மலைவிடுதி ஒன்றில் வளர்ந்த அந்தக் கட்டலோனிய மலையோட்ட வீரருக்கு 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பனிச்சறுக்கு மலையேற்றப் போட்டி ஒன்றில் விழுந்ததில், கணைக்காலின் சிற்றெலும்பு முறிந்தது. அவ்வாண்டு ஜூலை 8ஆம் தேதி அவர் எங்கே இருந்தார்? நான் முன்பு சொன்ன அதே ஏரி மாவட்டத்தில், பாப் கிரஹாம் சுற்று என்னும் 42 சிகரச் சுற்றிலே ஓடிக்கொண்டிருந்தார். 1932ஆம் ஆண்டில் கெஸ்விக் என்னும் ஊரில் விடுதி நடத்திவந்த பாப் கிரஹாம், 23 மணி 39 நிமிடத்தில் முடித்த சுற்று அது. ஏறக்குறைய 106 கிலோமீட்டர், 8,200 மீட்டர் ஏற்றம். பில்லி பிளாண்ட் என்னும் உள்ளூர்க் கொத்தர் 1982ஆம் ஆண்டில் அதை 13 மணி 53 நிமிடத்தில் ஓடி, அந்தக் கணக்கு 36 ஆண்டு அசையாமல் நின்றது. ஜோர்னெட் 12 மணி 52 நிமிடத்தில் முடித்தார். எலும்பு முறிந்து நான்கு மாதம்கூட நிறையவில்லை! 2022ஆம் ஆண்டில் வேறொருவர் அதையும் முறியடித்தார் என்பது வேறு கதை.

‘பார்த்தீர்களா, அவர் காத்திருந்தாரா?’ என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுங்கள். முறிந்தது எந்த எலும்பு? கணைக்காலிலே இரண்டு எலும்புகள் உண்டு. உடம்பின் பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்குவது முன்னே நிற்கும் பேரெலும்பு. பக்கத்திலே நிற்கும் சிற்றெலும்பு தாங்குவது சிறு பங்கே. முறிந்தது சிற்றெலும்பு. முறிந்தது யாருக்கு? நடை பழகிய நாள் முதல் மலையிலே வளர்ந்து, ஆண்டு முழுவதும் ஏற்றத்தையே தொழிலாகக் கொண்டவருக்கு. வாரத்தில் ஆறு நாள் நாற்காலியில் அமர்ந்து ஏழாம் நாள் மலைக்குப் போகிற நாம், பேரெலும்பு முறிந்த காலோடு அவருடைய நாட்கணக்கை எடுத்து நம் சுவரில் மாட்டிக்கொள்வது எந்த நியாயம்? அவரைப் பார்த்து மகிழுங்கள். அவருடைய பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் குறிக்காதீர்கள்.

உண்மையிலே காயத்தைக் காட்டிலும் பெரிய இடையூறு ஒன்று இருக்கிறது; அது பழைய வேகத்தின் ஞாபகம். சென்ற ஆண்டு இந்த ஏற்றத்தை எவ்வளவு நேரத்தில் ஏறினோம் என்று மணிக்கட்டிலே கட்டியிருக்கும் கடிகாரம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கைபேசியிலே நண்பர்கள் ஓடிய கணக்கும் வந்து விழுகிறது. நடந்து ஏறுவதை அவமானம் என்று எண்ணுகிறான் மனிதன். அவமானமா? நெடுந்தூர மலையோட்டங்களில் முதற்பரிசு பெறுகிறவர்களே செங்குத்தான ஏற்றங்களைக் கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு நடந்துதான் ஏறுகிறார்கள். நடையைத் தாழ்வாக எண்ணுவது மலையறியாதவனின் கொள்கை. பாப் கிரஹாம் என்ன செய்தார் தெரியுமா? தம் சுற்றுக்கு முன்னால் அந்தச் சிகரங்களை வெறுங்காலோடு நடந்து பழகினார் என்று சொல்லுவார்கள். டென்னிஸ் செருப்பும் பைஜாமா மேற்சட்டையும் அணிந்து ஓடி முடித்த அவருடைய கணக்கை, 1960ஆம் ஆண்டு வரை எவரும் எட்டவில்லை.

கடைசியாக ஒரு விண்ணப்பம். அது ஓடுகிறவர்களுக்கன்று, ஓட்டங்களை நடத்துகிறவர்களுக்கு. காயம் ஆறாதவன் ஏன் அவசரப்பட்டு மலையில் இறங்குகிறான் என்று ஆராய்ந்தால், பலர் விஷயத்தில் அதற்குக் காரணம் பிடிவாதமும் அன்று, அறியாமையும் அன்று; அவன் முன்பணம் கட்டிவிட்டான். பெரிய மலையோட்டங்களிலே இடம் கிடைப்பது குலுக்கலில். இந்த ஆண்டு கிடைத்த இடத்தை விட்டால் மறுபடி எந்த ஆண்டு கிடைக்குமோ தெரியாது. கட்டிய பணமும் திரும்பாது. ஆகவே வலிநிவாரணி மாத்திரை இரண்டை விழுங்கிவிட்டுப் போய்க் கோட்டிலே நிற்கிறான். வைத்தியர் சான்றோடு வருகிற ஓட்டக்காரருடைய இடத்தை அடுத்த ஆண்டுக்கு மாற்றிக் கொடுக்கிற வழக்கம் சில போட்டிகளிலே ஏற்கெனவே இருக்கிறது. அதை எல்லாப் போட்டிகளிலும் விதியாக்குங்கள். எத்தனை முழங்கால்கள், எத்தனை கணுக்கால்கள் அதனால் பிழைக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். இந்த அவையிலே அப்படிப்பட்ட ஓட்டங்களை நடத்துகிறவர் எவரேனும் இருந்தால், இன்று கூட்டம் கலைவதற்கு முன்னால் என்னைச் சந்திக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.